நாலு வருஷ பேண்ட், முப்பது வருஷ பேண்ட்

சேலம்-நாமக்கல் ரோட்டுல எந்த இன்ஜினியரிங் காலேஜை எடுத்துக்கிட்டாலும் பேண்ட் கதை ஒண்ணுதான். ஃபைனல் இயர் அண்ணன்கள் கிளம்பினதும் பேண்டும் கலைஞ்சுடும். அடுத்த கல்ச்சுரல்ஸுக்கு வேற பேரு, வேற நாலு பேரு, ஆனா அதே பத்து சினிமாப் பாட்டு. "ஆளு போனா பேண்ட் போகத்தானே செய்யும்?"னு நீங்க கேட்கலாம். போகணும்னு அவசியமில்லை. அதுக்கு ஆதாரமா இந்தியன் ஓஷனைப் பாருங்க.

'மசான்' படப் பாட்டு கேட்டிருக்கீங்களா? அதுக்கு இசை இவங்கதான். 1990-ல டெல்லியில கிட்டாரிஸ்ட் சுஷ்மித் சென்னும், தபலா வாசிச்சுக்கிட்டே பாடுற அஷீம் சக்ரவர்த்தியும் ஆரம்பிச்ச பேண்ட். 1991-ல பேஸ் கிட்டாரோட ராகுல் ராம் வந்தார், 1994-ல டிரம்ஸுக்கு அமித் கிலாம். முதல் ஆல்பம் 1993. நாடு முழுக்கப் பேர் வாங்கிக் கொடுத்த 'கண்டிசா' வந்தது 2000-ல. ஆரம்பிச்சுப் பத்து வருஷம் கழிச்சு! நாமளோ யூடியூப்ல ஐநூறு வியூ தாண்டலைன்னா கிட்டாரை ஓஎல்எக்ஸ்ல போட்டுடறோம்.

"அவங்களுக்குப் படிப்பு டென்ஷன் இல்ல"ன்னு சொல்லிடாதீங்க. ராகுல் ராம் அமெரிக்காவுல கார்னெல் பல்கலைக்கழகத்துல டாக்டரேட் வாங்கினவர்.

அவங்க நிலைச்சதுக்குக் காரணம் நம்ம ஊர்க்காரங்களுக்கு ஈஸியா புரியும். கம்பெனியிலிருந்து வெறும் சேசிஸா வர்ற லாரிக்கு நாமக்கல்ல பாடி கட்டுறோம் இல்லையா? அதே வேலைதான். 'கண்டிசா'ங்கிற பாட்டு சிரியாக் மொழியில இருக்கிற பழைய கிறிஸ்தவ வழிபாட்டுப் பாட்டு. 'மா ரேவா' நர்மதைக் கரை மக்களோட பாட்டு. ராகுல் ராம் நர்மதா அணை எதிர்ப்பு இயக்கத்துல வேலை செஞ்சவர். சேசிஸ் பழசு. அது மேல கட்டின பாடி முழுக்க அவங்களோடது. அதனாலதான் யாரும் அதை 'கவர்'னு சொல்றதில்ல.

2009 டிசம்பர்ல அஷீம் இறந்துட்டார். அவர் ஒருத்தர் இருந்த இடத்துக்கு ரெண்டு பேர் தேவைப்பட்டாங்க: தபலாவுக்கு துஹீன் சக்ரவர்த்தி, பாட ஹிமான்ஷு ஜோஷி. அடுத்த வருஷமே ஒரு ஆல்பத்தை மாசம் ஒரு பாட்டா இணையத்துல இலவசமா கொடுத்தாங்க. 2013-ல சுஷ்மித் சென்னும் விலகினார். அந்த இடத்துக்கு நிகில் ராவ் வந்தார். ஆரம்பிச்ச ரெண்டு பேருமே இல்ல. ஆனாலும் 2014-ல ஒரு ஆல்பம், 2023-ல 'து ஹை'. "அப்போ இது அதே பேண்டா?"ன்னு சிலர் கேட்பாங்க. என்னைக் கேட்டா, அதே பேண்ட்தான். புதுசா வந்தவங்க கத்துக்க சொந்தப் பாட்டு இருந்துச்சு. நம்ம பேண்ட்ல ஜூனியருக்குக் கொடுக்க என்ன இருக்கு? ரெண்டு கேபிளும் ஒரு வாட்ஸ்ஆப் குரூப்பும்.

சினிமாப் பாட்டு வேண்டாம்னு சொல்லல. கூட்டம் அதுக்குத்தான் எழுந்து ஆடும், ஸ்பான்சருக்கும் அதுதான் வேணும். அஞ்சு சினிமாப் பாட்டுக்கு நடுவுல ஒண்ணே ஒண்ணு நம்மளோடதா இருக்கட்டும். சேசிஸுக்கா பஞ்சம்? மாரியம்மன் பண்டிகையில பம்பை அடி இருக்கு. உடுக்கடிச்சு ராத்திரியெல்லாம் பாடுற அண்ணன்மார் கதை இருக்கு. கும்மிப் பாட்டு உங்க அப்பிச்சி வீட்டுலயே யாருக்காவது தெரிஞ்சிருக்கும். முதல்ல போய்க் கேளுங்க, கத்துக்கொடுத்தவங்க பேரை மேடையில சொல்லுங்க, அப்புறம் பாடி கட்டுங்க.

ஃபைனல் இயர் மக்களே, ஃபேர்வெல்லுக்கு முன்னாடி ஒரு சொந்தப் பாட்டை செகண்ட் இயர் பசங்களுக்குக் கத்துக்கொடுத்துட்டுப் போங்க. பேண்ட் பேரையும் மாத்த வேண்டாம்னு சொல்லிட்டுப் போங்க.