திறக்கக்கூடிய கைப்பேசி வேண்டும்

திருவனந்தபுரத்திலிருந்து விதுரா வழியாகச் செல்லும் பேருந்து, கல்லாற்றைக் கடந்தபின் 22 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிப் பொன்முடியை அடைகிறது. சென்ற மழைக்காலத்தில் நான் அங்குத் தங்கியிருந்தபோது என் கைப்பேசியின் முதுகு மெல்லப் புடைத்தெழுந்தது. உள்ளே மின்கலம் வீங்கியிருந்தது. கீழே இறங்கிப் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்தேன். முதுகுத் தகடு பசையால் ஒட்டப்பட்டிருந்தது. அவர் எச்சரிக்கையுடன்தான் நெம்பினார்; ஆயினும், மின்கலம் வெளியே வருவதற்குள் திரை உடைந்துவிட்டது. புதிய திரையின் விலையைக் கேட்டபின் அதைச் சரிசெய்யும் எண்ணத்தையே கைவிட்டேன்.

அவர்மீது எனக்குக் குறையில்லை. குறை, அக்கருவியை வடிவமைத்தவரின் மேசையில் தொடங்கியது.

மாணவர்களே, ஒரு கைப்பேசி தன் வாழ்நாளில் உண்டாக்கும் கரிமப் புகையின் பெரும்பகுதி, அது நம் கைக்கு வருமுன்பே சுரங்கங்களிலும் தொழிற்சாலைகளிலும் வெளியேறிவிடுகிறது. மின்கலத்துக்குரிய கோபால்ட்டில் பெரும்பங்கு காங்கோ நாட்டின் மண்ணைத் தோண்டி எடுக்கப்படுவது. ஆகவே, மூன்று ஆண்டுகளில் எறியப்படும் கருவி ஆறு ஆண்டுகள் உழைத்தால் அந்தச் சுமை ஏறக்குறையப் பாதியாகும். 2022ஆம் ஆண்டில் உலகில் சேர்ந்த மின்னணுக் கழிவு 6.2 கோடி டன். முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது அதில் 22.3 விழுக்காடே.

திறக்கக்கூடிய கைப்பேசி புதிய கனவன்று. திருப்பெரும்புதூரில் 2006 முதல் 2014 வரை இயங்கிய நோக்கியா ஆலையின் எளிய கைப்பேசிகளை உங்கள் பெற்றோர் அறிவர். நகத்தால் நெம்பினால் முதுகு கழன்றுவிடும்; மின்கலத்தை எடுத்து மாற்றலாம்.

நீர் புகாதிருக்கவே பசை வேண்டும் என்பர். பொன்முடியின் மூடுபனியிலும் மழையிலும் நனைந்தவன் என்ற முறையில் இவ்வாதத்தை நான் எளிதில் தள்ளமாட்டேன். எனினும், 2014இல் வந்த சாம்சங் கேலக்ஸி எஸ்5 நீரையும் தாங்கியது. அதன் மின்கலத்தைக் கையாலேயே கழற்றவும் முடிந்தது. விளிம்பில் ஒரு ரப்பர்ப் பட்டை போதுமாயிருந்தது. நெதர்லாந்தின் ஃபேர்ஃபோன் நிறுவனமோ உறுப்புகளைத் திருகாணியால் பொருத்தி, பயன்படுத்துவோரே மாற்றும்படி கைப்பேசிகளைச் செய்கிறது.

ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜூன் 20 முதல் இதைச் சட்டமாக்கியுள்ளது. ஒரு வகைக் கைப்பேசியின் விற்பனை நின்றபின்னும் ஏழு ஆண்டுகள் அதன் முதன்மையான உதிரிப் பாகங்கள் கிடைக்க வேண்டும். இந்தியாவில் 2023 ஏப்ரல் முதல் நடைமுறையிலுள்ள மின்கழிவு விதிகள், பழைய கருவிகளின் மறுசுழற்சிக்கு உற்பத்தியாளரையே பொறுப்பாக்குகின்றன. நல்ல விதிகள்தாம். ஆனால் அவற்றின் கவனம் பெரும்பாலும் கருவி கழிவான பின்னரே தொடங்குகிறது. கழிவாகாமல் காக்கும் விதியும் நமக்கு வேண்டும் என்பது என் கருத்து.

மின்கலம் நீக்கப்பட்ட அக்கைப்பேசி இன்றும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. ஊரிலிருந்து என் தாயார் அனுப்பிய குரற்பதிவுகள் அதற்குள்ளேயே கிடக்கின்றன.