அரண்மனை என்னும் பொய்ப்பெயர்

ரத்னகிரிக்குச் செல்வோர் கடற்கரைக்கும் மாம்பழக் கடைகளுக்கும் இடையே ஒரு மணி நேரத்தைத் ‘திபோ அரண்மனை’க்கு ஒதுக்குகின்றனர். இன்று அது சிறு அருங்காட்சியகம். செந்நிறச் சுவர்களின் முன் நின்று படமெடுத்துக்கொண்டு, ஓர் அரசனின் மாளிகையைக் கண்ட நிறைவோடு திரும்புகின்றனர். அவர்கள் கண்டது சிறைச்சாலை.

1885 நவம்பரில் மண்டலே வீழ்ந்தது. பர்மாவின் கடைசி மன்னர் திபோ முதலில் சென்னைக்கும், 1886இல் ரத்னகிரிக்கும் கொண்டுவரப்பட்டார். இந்தக் கட்டடம் எழுந்ததோ 1910இல்தான். அதுவரை 24 ஆண்டுகள் வேறு பங்களாக்களில் காவலில் கழிந்தன. இங்கே ஆறாண்டுகள் வாழ்ந்து 1916இல் இறந்தார். இங்கிருந்து ஒரு நாள்கூட அவர் ஆளவில்லை. செலவுக்கான பணம் முதல் வெளியூர்ப் பயணம் வரை அனைத்துக்கும் பிரிட்டிஷ் இந்திய அரசின் கையையே எதிர்பார்த்திருந்தார். ‘அரண்மனை’ என்ற சொல்லுக்குள் ‘அரண்’ இருக்கிறது. இங்கே அந்த அரண் உள்ளிருப்பவரைக் காக்க அமைந்ததன்று, வெளியேறாமல் தடுக்க அமைந்தது.

இத்தனை அறைகள் கொண்ட சிறையா என்று கேட்போர் உண்டு. அறைகளின் எண்ணிக்கையா சிறையைத் தீர்மானிப்பது? வாயில் யாருடைய ஆணைக்குத் திறந்தது என்பதன்றோ கேள்வி!

ரங்கூனில் நாடுகடத்தப்பட்டு 1862இல் மறைந்த பகதூர் ஷா ஜாஃபரின் கல்லறைக்கு 2012இல் மன்மோகன் சிங்கும் 2017இல் நரேந்திர மோடியும் சென்று மலரஞ்சலி செலுத்தினர். முறையான செயலே. அங்கே நாம் இழந்தவர்கள். ரத்னகிரியில் நாம் காவல் நின்றவர்கள். மண்டலேயைப் பிடித்த படையில் சென்னை ராணுவத்தின் படைப்பிரிவுகளும் இருந்தன. பழி முழுவதையும் லண்டனுக்கு அனுப்பிவிட்டுக் கை கழுவுவது எளிது.

மூத்த இளவரசிக்கும் வாயிற்காவலருக்கும் பிறந்த து து, ரத்னகிரியிலேயே மராத்தி பேசி, வறுமையில் வாழ்ந்து, 2000ஆம் ஆண்டில் மறைந்தார். வண்ணக் கண்ணாடிச் சன்னல்களைக் காட்டும் வழிகாட்டிகள் அவரிடமிருந்து அல்லவா கதையைத் தொடங்க வேண்டும்!

வாயிலில் ‘நாடுகடத்தப்பட்ட மன்னரின் காவல் இல்லம்’ என்று மராத்தியிலும் பர்மிய மொழியிலும் எழுதி வைப்பதற்குப் பெரும்பொருள் தேவையில்லை. ஒரு பலகையும் சிறிது வண்ணமும் போதும்.