கள்ளில் கலக்கும் அல்பிரசோலம்: மதுவோடு சேர்ந்தால் மூளையில் என்ன நடக்கிறது?

ஹைதராபாத்தின் குகட்பல்லி பகுதியில் 2025 ஜூலையில் கள் குடித்தவர்கள் வாந்தி, வயிற்றுப்போக்கு, ரத்த அழுத்தச் சரிவு என்று அடுத்தடுத்து மருத்துவமனைக்கு வந்தார்கள். பலர் இறந்தனர், சிலருக்குச் சிறுநீரகம் பாதித்து டயாலிசிஸ் செய்ய வேண்டியிருந்தது. அந்தக் கள்ளில் அல்பிரசோலம் கலந்திருந்தது பரிசோதனையில் தெரியவந்தது. செப்டம்பரில் அதே நகரின் போவன்பல்லியில், ஒரு தனியார் பள்ளிக் கட்டடத்துக்குள்ளேயே அல்பிரசோலம் தயாரித்து வந்தது பிடிபட்டது. சரக்கு போய்ச் சேர்ந்த இடம்? கள் டிப்போக்கள்.

பதற்றத்துக்கும் திடீர் பீதிக்கும் டாக்டர்கள் எழுதிக் கொடுக்கும் மாத்திரைதான் அல்பிரசோலம். டயஸெபாம், லோராஸெபாம், குளோனஸெபாம் எல்லாம் இதே குடும்பம். பென்சோடயஸெபைன் என்பது குடும்பப் பெயர். கால் மில்லிகிராம், அரை மில்லிகிராம் என்று சாப்பிடுகிற மருந்து இது. இதையே பவுடராக வாங்கிக் கண்ணளவாகக் கொட்டிக் கலக்கினால், யாருடைய கிளாஸில் எவ்வளவு விழுந்தது என்பது கலக்கியவருக்கே தெரியாது.

ஏன் கலக்கிறார்கள்? மரம் குறைவு, கேட்டு வருகிறவர்கள் அதிகம். தண்ணீரும் இனிப்பும் சேர்த்துப் பெருக்கிய கள்ளில் போதை ஏறாது. அந்தக் குறையை மாத்திரை சரிக்கட்டுகிறது. குடிப்பவருக்குச் சந்தேகமும் வராது, ஏனென்றால் இரண்டின் மயக்கமும் ஏறக்குறைய ஒன்றுதான்.

ஒரே பிரேக்கை மிதிக்கும் இரண்டு கால்கள்

மூளையின் பரபரப்பை அடக்கி வைக்க 'காபா' என்ற ரசாயனம் இருக்கிறது. நரம்பு செல்லில் உள்ள அதன் ஏற்பியில் காபா வந்து ஒட்டினால் ஒரு சின்னக் கதவு திறந்து குளோரைடு உள்ளே போகும்; செல் அமைதியாகிவிடும். அல்பிரசோலம் அந்தக் கதவை அடிக்கடி திறக்க வைக்கிறது. மதுவும் இந்த ஏற்பிகளின் வேலையைக் கூட்டுகிறது. அதனால்தான் இரண்டிலும் முதலில் கூச்சம் போகிறது, பிறகு நாக்கு குழறுகிறது, கால் தள்ளாடுகிறது. மறுநாள் காலையில் "நேத்து நான் என்ன பேசினேன்?" என்று கேட்கும் அளவுக்கு ஞாபகம் அழிவதும் இரண்டுக்கும் பொது.

வேறுபாடும் உண்டு. அல்பிரசோலம் தானாகக் கதவைத் திறப்பதில்லை, காபா செய்கிற வேலையைப் பெரிதாக்கத்தான் அதனால் முடியும். அதனால் இதை மட்டும் அதிகமாக விழுங்கியவர்கள் பெரும்பாலும் உயிர் பிழைக்கிறார்கள். மது அப்படி ஓரிடத்தில் நிற்காது. மூளையை விழிப்பாக வைத்திருக்கும் குளூட்டமேட்டின் வழியையும் அடைக்கும், டோபமைனைத் தூண்டும், அளவு மீறினால் மூச்சை நிறுத்தவும் மது ஒன்றே போதும். கல்லீரலைக் கெடுப்பது தனிக் கதை.

இரண்டும் சேரும்போதுதான் கணக்கு மாறுகிறது. தனித்தனியாகத் தாங்கக்கூடிய அளவுகளே ஒன்றாக உள்ளே போனால் மூச்சை மந்தமாக்கிவிடும். தூக்கத்தில் வாந்தி எடுத்து அது மூச்சுக்குழாயில் போகும் ஆபத்தும் கூடும். மோரோ காபியோ இதை முறிக்காது. போலீஸ் வாயில் வைத்து ஊதச் சொல்லும் கருவியிலும் அல்பிரசோலம் தெரியாது. மது கொஞ்சம், மாத்திரை அதிகம் என்றால் கருவி 'கொஞ்சம்' என்றுதான் சொல்லும். இது தெலங்கானாவுக்கு மட்டுமான விஷயமும் இல்லை. ராத்திரி தூக்க மாத்திரை போடுகிறவர் கல்யாண வீட்டில் "ரெண்டு பெக் தானே" என்று குடித்தாலும் மூளைக்குள் நடப்பது இதுதான்.

நிறுத்தினால் ஏன் வலிப்பு?

2015-இல் தெலங்கானாவில் கலப்படக் கள்ளுக்கு எதிராகக் கெடுபிடி வந்தபோது, நிஜாமாபாத், மகபூப்நகர் பக்கம் மருத்துவமனைகள் நிரம்பின. வந்தவர்களில் பலர் கள் குடித்ததால் வந்தவர்கள் இல்லை, கள் கிடைக்காததால் வந்தவர்கள். கை நடுக்கம், பிதற்றல், வலிப்பு.

தினமும் பிரேக்கை மிதித்துக்கொண்டே இருந்தால் மூளை சும்மா இருக்காது. காபா ஏற்பிகளை மந்தமாக்கி, எதிர்ப்பக்கம் குளூட்டமேட்டைத் தூக்கிவிட்டு, தன்னைச் சரிசெய்துகொள்ளும். திடீரென்று காலை எடுத்தால் வண்டி பறக்கும். மதுவை நிறுத்தியவருக்கு ஆறு மணி நேரத்திலேயே நடுக்கம் தொடங்கலாம். இரண்டு மூன்று நாளில் இல்லாதது கண்ணுக்குத் தெரியலாம். அல்பிரசோலமும் உடலை விட்டுச் சீக்கிரம் போகிற மருந்து, அதன் விளைவும் ஓரிரு நாளில் வந்துவிடும். இரண்டிலுமே இது உயிரைப் பறிக்கக்கூடியது.

சிகிச்சை கேட்டால் ஆச்சரியமாக இருக்கும். மதுவை நிறுத்தியவருக்கு டாக்டர்கள் கொடுப்பது டயஸெபாம் அல்லது லோராஸெபாம், அதாவது அதே குடும்பத்து மருந்து. ஒரே பூட்டு என்பதால் அந்தச் சாவி பொருந்துகிறது. அளந்து கொடுத்து, நாளுக்கு நாள் குறைப்பார்கள். நெடுநாள் அல்பிரசோலம் உள்ளே போனவர்களுக்கு இந்தக் குறைப்பு வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் நடக்கும்.

எத்தனை கிலோ பவுடர் பிடிபட்டது என்பது ரெய்டு நடந்த அன்றே செய்தியாகிவிடுகிறது. அந்தக் கடையில் தினமும் குடித்தவர்களுக்கு மறுநாளிலிருந்து யார் மருந்து அளந்து கொடுப்பது என்ற ஏற்பாடும் ரெய்டுக்கு முன்பே இருக்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் டயஸெபாம் இருப்பு, வலிப்பு வந்தவரைப் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோக வண்டி, குடித்தது என்ன என்று கேட்டு எழுதிக்கொள்ள ஓர் ஆள். கலால் துறை மட்டும் தனியாகச் செய்கிற வேலை இல்லை இது.