வலது மூலை உங்களுக்கு



கையால் வரைந்து அனிமேஷன் குறும்படம் எடுக்கும் மாணவர் ஒருவர் வீட்டில் இருந்தால், வீட்டாருக்குக் கவலை வருவது இயல்பு. பிள்ளை மாதக்கணக்கில் அறைக்குள்ளேயே உட்கார்ந்து வரைகிறது. காட்டச் சொன்னால் நாலு விநாடி ஓடுகிறது. "இதுக்கா இத்தனை நாள்?" என்று அம்மா கேட்டால் அதில் தப்பே இல்லை.

கணக்கைப் பாருங்கள். திரையில் ஒரு விநாடிக்கு 24 ஃப்ரேம். ஒரு படத்தை இரண்டு ஃப்ரேமுக்கு நிறுத்தினால் விநாடிக்கு 12 படம் போதும். நிமிடத்துக்கு 720; மூன்று நிமிடத்துக்கு 2,160. திரையில் ஒரே ஆள் இருந்தால்தான் இந்தக் கணக்கு. வரைந்ததை ஓட்டிப் பார்க்கும் பென்சில் டெஸ்ட்டில் நடை பிசகியிருந்தால் அந்தத் தாள்களை எடுத்துவைத்துவிட்டு மறுபடி வரைய வேண்டும். அந்தப் பிள்ளை சும்மா இருக்கவில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

இந்த வழியில் நமக்கு முன்னோடிகள் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்துவிட்டு பம்பாய்க்குப் போன ராம் மோகன், 1956இல் ஃபிலிம்ஸ் டிவிஷனின் கார்ட்டூன் பிரிவில் சேர்ந்தார். டிஸ்னியில் வேலை பார்த்த கிளேர் வீக்ஸ் அங்கே வந்து பயிற்சி கொடுத்தார். பிற்காலத்தில் ஜப்பானிய இயக்குநர் யுகோ சாகோவுடன் சேர்ந்து ராம் மோகன் உருவாக்கிய ராமாயணப் படம், ஜப்பானியரும் இந்தியரும் கூடிக் கையால் வரைந்தது. 2025 ஜனவரியில் அது தமிழிலும் திரையரங்குக்கு வந்தது. இன்னொருவர் கீதாஞ்சலி ராவ். ஏறக்குறையத் தனியாளாக அவர் வரைந்த 15 நிமிடப் படம் 'பிரின்டட் ரெயின்போ'. தனிமையில் வாழும் ஒரு மூதாட்டி தீப்பெட்டிப் படங்களுக்குள் புகுந்து ஊர் சுற்றுகிறாள். துணைக்கு ஒரு பூனை. 2006இல் கான் விழாவின் விமர்சகர் வாரத்தில் அந்தப் படம் பரிசு பெற்றது.

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். தஞ்சாவூரில் பிறந்த கோபுலு, கும்பகோணம் ஓவியப் பள்ளியில் படித்தவர். விகடனில் அவர் போட்ட பேச்சில்லா நகைச்சுவைப் படங்களை எடுத்துப் பாருங்கள். முதுகு வளைந்திருக்கும் விதத்திலேயே அந்த மனிதர் கடன் கேட்க வந்தவரா, கொடுக்க மனமில்லாதவரா என்று தெரிந்துவிடும். அனிமேஷன் படிக்கிறவருக்கு அதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

கதைக்கும் பஞ்சமில்லை. திருப்பனந்தாள் கோயில் கதையை நம் பாட்டிகள் எல்லோரும் சொல்லியிருக்கிறார்கள். மாலை சாத்த வந்த தாடகை என்னும் பக்தை, நழுவிய ஆடையை முழங்கையால் இடுக்கிக்கொண்டு தவித்தபோது, செஞ்சடையப்பர் தலை சாய்த்து மாலையை ஏற்றார். சாய்ந்த திருமேனியை அரசனின் யானைகளாலும் நிமிர்த்த முடியவில்லை. குங்கிலியக்கலய நாயனார் வந்து, கயிற்றைத் தன் கழுத்தில் பூட்டி இழுத்தார், நிமிர்ந்தது. அனிமேஷனில் எடையைக் காட்டுவதுதான் கடினம் என்பார்கள். யானை இழுக்கும்போது கல் அசையக் கூடாது. ஒரு கிழவரின் கழுத்து நரம்பு புடைக்கும்போது அது அசைய வேண்டும். இரண்டு இழுப்புக்கும் உள்ள வேறுபாட்டை வரைந்து காட்டுகிற கை இந்த ஊரிலிருந்து வர வேண்டும் என்பது என் ஆசை.

அதைவிட அவசரமான ஒன்றும் இருக்கிறது. நடவுப் பெண்கள் இடது கையில் நாற்று முடியைப் பிடித்து, வலது கையால் பிரித்து ஊன்றியபடியே பின்னால் நகர்வார்கள். சேறு காலை இழுத்துப் பிடிக்கும். விடும்போது இடுப்பு லேசாக ஆடும். வரப்பிலிருந்து முடி வீசுகிறவரின் கைவீச்சு வேறு. களத்தில் முறத்தை உயர்த்திக் காற்றுக்குக் காத்து நிற்பது இன்னொன்று. நடவு இயந்திரமும் அறுவடை இயந்திரமும் வந்த பிறகு இவை வயலிலிருந்து போய்க்கொண்டிருக்கின்றன. முதுகொடியும் அந்த வேலை குறைவது நல்லதுதான். யாரும் அதைத் திரும்பக் கேட்கவில்லை. ஆனால் அந்த உடல்கள் அசைந்த விதம் நினைவில் இருக்கும்போதே யாராவது வரைந்துவைக்க வேண்டும். கேமரா நடந்ததை அப்படியே பிடிக்கும். வரைகிறவர் ஒவ்வொரு அசைவையும் ஏன், எப்படி என்று தன்னையே கேட்டுத்தான் அடுத்த தாளுக்குப் போக முடியும். பாட்டியை ஒருமுறை நட்டுக் காட்டச் சொல்லிவிட்டு வரைய உட்காருங்கள், தம்பி தங்கைகளே.

எங்களால் ஆனது ஒன்று. அடுத்த இதழிலிருந்து, வலப்பக்கத் தாள்கள் ஒவ்வொன்றின் கீழ் மூலையையும் உங்களுக்காகக் காலியாக விடுகிறோம். நம் இதழில் 64 பக்கம். ஆக 32 மூலை. கட்டைவிரலால் விசிறினால் இரண்டரை விநாடிக்கு மேல் ஓடும். ஒருவர் நாற்றை ஊன்றி நிமிர அது போதும்.

படங்கள் ஒரே அளவுத் தாளில், வெறும் கறுப்புக் கோட்டில் இருக்கட்டும். பின்பக்கம் வரிசை எண் எழுதுங்கள். மூலத் தாள்களை உங்களிடமே பத்திரமாக வைத்துக்கொண்டு நகல் மட்டும் அனுப்புங்கள். வெளியாகும் படத்துக்குச் சன்மானம் உண்டு.

அன்புடன்,
ஆசிரியர்