ஷூ வாங்கப் போறீங்களா... முதல்ல ரோட்டைப் பாருங்க!

இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்களுக்கு 1,500 மீட்டர், 7 நிமிஷம். பெண்களுக்கு 400 மீட்டர், இரண்டரை நிமிஷம். எழுத்துத் தேர்வை ஊதித் தள்ளிட்டு இங்கே வந்து கவிழ்ந்தவங்க நம்ம வடசென்னையில எத்தனையோ பேர். சிலருக்கு மூச்சு, தெம்பு எல்லாம் பக்கா. முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்புதான் வில்லன்! தேர்வுக்கு ஒரு மாசம் இருக்கும்போது அங்கே வலி வந்தா, அந்த வருஷமே போச்சு. அதனால ஷூ விஷயத்தை ஸ்டைல் சமாச்சாரமா நினைக்காதீங்க பாஸ்.

ஷூ விளம்பரங்கள்ல பாருங்க... மலைப்பாதை, மழைக்காடு, பளபள ரோடு. நம்ம ரூட் எது? திருவொற்றியூர் நெடுஞ்சாலை, காசிமேடு சிமென்ட் தெரு, எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையோட ஓரம். மணல்ல ஓடலாம்னா அதுவும் கொஞ்சம்தான். 1870-களில் துறைமுகத்துக்காக கடலுக்குள்ளே சுவர் கட்ட ஆரம்பிச்சதுல, தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்து வந்த மணல் தடைபட்டது. அது தெற்கே சேர்ந்து மெரினா அகலமாச்சு. வடக்கே கடல் கரையை அரிச்சுது. ஆக மணல் அவங்களுக்கு, கருங்கல் நமக்கு!

முதல்ல குஷன். காலுக்கும் ரோட்டுக்கும் நடுவுல இருக்கிற நுரைதான் ஷூவோட உயிர். பெரும்பாலும் ஈ.வி.ஏ.ங்கிற பொருள். உள்ளே குட்டிக் குட்டி காற்றுக் குமிழிகள். ஓட ஓட அது நசுங்கி, ஒரு கட்டத்துல எழும்பவே எழும்பாது. அடி ரப்பர் புதுசு மாதிரியே இருக்கும். உள்ளே ஆள் காலி. பொதுவா 500 முதல் 800 கிலோமீட்டர்தான் ஆயுசுனு சொல்வாங்க. தினம் 5 கிலோமீட்டர், வாரம் ஆறு நாள் ஓடினா நாலுலேர்ந்து ஆறு மாசம். பக்கவாட்டுல நுரை முழுக்க சுருக்கம் விழுந்து, கட்டை விரலால அழுத்தினா கல்லு மாதிரி இருந்தா, அதைக் காலேஜுக்குப் போட்டுக்கங்க. ஓடாதீங்க.

'நான் ஒல்லி, எனக்கெதுக்கு குஷன்?'னு கேட்பீங்க. 2020-ல் லக்ஸம்பர்க் ஆராய்ச்சியாளர்கள் எண்ணூறு பேருக்கு மேல, பார்க்க ஒரே மாதிரி இருக்கிற மெத்து ஷூவையும் கெட்டி ஷூவையும் பிரிச்சுக் கொடுத்துப் பார்த்தாங்க. கெட்டி ஷூ போட்டவங்களுக்குத்தான் காயம் அதிகம். ட்விஸ்ட் என்னன்னா, அந்த வித்தியாசம் தெளிவா தெரிஞ்சது எடை குறைஞ்சவங்ககிட்டதான்!

அதுக்காக மெத்தை மாதிரி உயரமான ஷூவை வாங்கிட்டு லாரி டயர் தோண்டின ரோட்டோரத்துல இறங்கினா, கணுக்கால் மடங்கும். இங்கேதான் ஸ்டெபிலிட்டி வருது. குதிகாலைச் சுத்தி இருக்கிற பின்பக்கத்தை விரலால அமுக்குங்க. பொசுக்குனு மடங்கினா வேண்டாம். ரெண்டு முனையையும் பிடிச்சு மடிச்சுப் பாருங்க... விரல்கள் மடங்குற இடத்துல மடங்கணும். நட்ட நடுவுல மடங்கினா கடைக்காரர்கிட்டேயே கொடுத்துடுங்க. அடிப்பாகம் அகலமா இருக்கிறது நம்ம ரோட்டுக்கு நல்லது.

பாதத்தை நனைச்சுத் தரையில வெச்சு, தட்டைப் பாதமா வளைவு பாதமானு பார்த்து ஷூ சொல்ற டெக்னிக் தெரியும்தானே? அமெரிக்க ராணுவம் ஆயிரக்கணக்கான வீரர்கள்கிட்டே அதைப் பரிசோதிச்சது. முடிவுகள் 2009, 2010-ல் வெளிவந்துச்சு. பாதத்துக்கு ஏத்த ஷூ கொடுத்தும் காயம் பெரிசா குறையலை. அதனால போட்டதும் சுகமா இருக்கிறதை எடுங்க. சாயங்காலமா கடைக்குப் போங்க. அப்போதான் பாதம் லேசா வீங்கியிருக்கும். முன்னாடி கட்டை விரல் அகலத்துக்கு இடம் வேணும். கடைக்குள்ளேயே நாலு ஓட்டம் ஓடுங்க, சிரிச்சா சிரிக்கட்டும். தோழிகளுக்கு ஒரு வார்த்தை... ஆண்கள் மாடல்லயே சின்ன சைஸை எடுத்து நீட்டினா அப்படியே வாங்கிடாதீங்க. குதிகால் லூஸா இருந்தா கொப்புளம் கேரன்டி!

அடி ரப்பர் இன்னொரு கதை. மீன்பிடித் துறைமுகப் பக்கம் விடிகாலையில ஐஸ் தண்ணியும் மீன் தண்ணியும் ஓடற தரையில, கெட்டி பிளாஸ்டிக் அடிப்பாகம் வழுக்கும். நகத்தால கீறினா லேசா பிடி கொடுக்கிற ரப்பரா பாருங்க. பெரிய பெரிய பல் வெச்ச மலைப்பாதை ஷூ தார் ரோட்டுல சீக்கிரம் மழுங்கிடும். ஃபுட்பால் ஷூவோட ரோட்டுல ஓடுற மச்சிகளே, ப்ளீஸ்... வேண்டாம். தேர்வுல மண் மைதானத்துல ஓட வேண்டியிருக்கலாம். அதனால வாரத்துக்கு ரெண்டு நாளாவது அதே ஷூவோட மண்ணுல ஓடிப் பழகுங்க.

'ஷிவ்நாத் சிங் வெறுங்கால்ல ஓடலையா?'னு ஒருத்தர் கட்டாயம் கேட்பார். ஓடினார்தான். 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக் மாரத்தான்ல 11-வது இடம். 1978-ல் அவர் ஓடின 2 மணி 12 நிமிஷம், பல பத்தாண்டுகள் இந்திய சாதனையா நின்னுச்சு. ஆனா செருப்பு போட்டே வளர்ந்த பாதத்தை, ஆணியும் கண்ணாடித் துண்டும் கிடக்கிற ரோட்டுல திடீர்னு இறக்குறது வேற விஷயம்.

கடைசியா காசு. எண்ணூர்லேர்ந்து கும்மிடிப்பூண்டி ரூட்ல ரயில் ஏறி மாநில எல்லையைத் தாண்டினா தடா. அங்கேதான் அடிடாஸுக்கு ஷூ செஞ்சு தர்ற ஆலை இருக்கு. நைக்கிக்கு செய்யாறுல தயாராகுது. பக்கத்துலயே செஞ்சாலும் விலை என்னவோ எட்டாத உயரம்தான்! அதுக்காக நடைபாதையில 'ஃபர்ஸ்ட் காப்பி' வாங்காதீங்க. லோகோவை அச்சு அசலா காப்பி அடிப்பாங்க. நுரையை அடிக்க மாட்டாங்க. அந்தக் காசுக்கு, பெயர் இல்லாட்டியும் ஓடுறதுக்குன்னே செஞ்ச சாதா ஷூ கிடைக்கும். இல்லைன்னா பெரிய பிராண்டுல போன வருஷ மாடலைத் தள்ளுபடியில தேடுங்க; கலர்தான் கொஞ்சம் கண்ணைப் பறிக்கும்.

வாங்கின தேதியை ஷூ நாக்குக்கு அடியில பேனாவால எழுதி வெச்சுக்கங்க. மழையில நனைஞ்சா வெயில்ல போட்டு வறுக்காம, உள்ளே பழைய நியூஸ் பேப்பரைத் திணிச்சு நிழல்ல காய வைங்க.