வெள்ளிச் சக்கரத்தில் வெள்ளைப் புண்

ஆடி மாதம் கடைசி வெள்ளிக்கிழமை இருக்கன்குடியில் நிற்க இடம் இருக்காது.

அர்ச்சுனா நதியும் வைப்பாறும் கூடுகிற இடத்தில் மாரியம்மன் கோவில் கொண்டிருக்கிறாள். தென் மாவட்டங்களில் இருந்து மக்கள் திரண்டு வருகிறார்கள். ஒரு காலத்தில் வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். இப்போது காரிலும் வேனிலும் வருகிறார்கள்.

புதுக் கார் வாங்கினால் முதலில் கோவிலுக்குக் கொண்டு போவது இந்தப் பக்கத்து வழக்கம். மாலை போடுவார்கள். சந்தனம், குங்குமம் வைப்பார்கள். நான்கு சக்கரத்துக்கும் கீழே எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டுத்தான் வண்டி நகரும்.

அந்தக் காரில் கண்ணைப் பறிப்பது எது? சக்கரம்தான். வெள்ளி போல மின்னும். "அலாய் வீல்" என்று அதற்குப் பெயர். சாதாரண இரும்புச் சக்கரத்தை விட விலை கூட. "பார்க்க அழகாக இருக்கிறதே!" என்று பிள்ளைகள் சொல்வார்கள். தகப்பனார் கூடுதல் பணத்தையும் கட்டிவிடுவார்.

இரண்டு வருடம் ஓடுகிறது. ஒரு நாள் கார் கழுவும்போது பார்த்தால், சக்கரத்தில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். புழு ஊர்ந்தது போல் கோடுகள். விரலால் தேய்த்தால் மாவு போல் உதிர்கிறது.

கார் விற்ற கடைக்கு ஓடுகிறார்கள். "இது கியாரண்டியில் வராது" என்று ஒரே வார்த்தையில் பதில் வருகிறது.

வருமா, வராதா? யார் செய்த குற்றம் இது?

சாது போல் ஓர் உலோகம்

அலாய் வீல் என்றால் கலப்பு உலோகச் சக்கரம். பெரும்பகுதி அலுமினியம். அதோடு சுமார் 7 சதவீதம் சிலிக்கான், மிகச் சிறிதளவு மக்னீசியம் சேர்த்து வார்ப்பார்கள். அலுமினியத்தின் எடை இரும்பின் எடையில் மூன்றில் ஒரு பங்குதான். 1924-ம் ஆண்டிலேயே பிரான்சு நாட்டில் புகாட்டி கம்பெனி தன் பந்தயக் காருக்கு அலுமினியச் சக்கரம் வார்த்துப் போட்டது.

சிவகாசி வட்டாரத்துக்கு அலுமினியம் புதிது அல்ல. பட்டாசில் பளீரென்று வெள்ளை ஒளி தருவது அலுமினியப் பவுடர்தான். அந்தப் பவுடர் கலந்த மருந்தில் ஈரம் பட்டால் சூடு ஏறும். தானே தீப்பிடிக்கவும் கூடும். அதனால்தான் மருந்து கலக்கும் அறையில் ஈரத்துக்கு அஞ்சுவார்கள்.

கட்டியாக வார்த்த சக்கரம் அப்படித் தீப்பிடிக்காது. ஆனால் பாடம் ஒன்றுதான். பார்க்கச் சாது போல் இருக்கும் இந்த உலோகம் சாது அல்ல.

அலுமினியத்தின் மேல் காற்றுப் பட்டவுடன் ஒரு மெல்லிய தோல் படர்கிறது. தலைமுடியின் கனத்தில் பல ஆயிரத்தில் ஒரு பங்குதான் அதன் கனம். அந்தத் தோல் இருக்கும் வரை உள்ளே இருக்கும் உலோகம் பிழைத்தது. அந்தத் தோலுக்கு மூன்று விரோதிகள். உப்பு ஒன்று. புளிப்பு ஒன்று. காரம் ஒன்று.

இதை வீட்டுப் பெண்கள் கார் வருவதற்கு முன்பே அறிவார்கள். அலுமினியச் சட்டியில் புளிக்குழம்பை இரவெல்லாம் வைப்பது இல்லை. வைத்தால் சட்டியில் பொட்டுப் பொட்டாகக் குழி விழும். அதுவேதான் சக்கரத்திலும் நடக்கிறது.

புண் எங்கே தொடங்குகிறது?

சக்கரத்துக்கு மேலே கம்பெனி பெயிண்ட் அடித்து, அதற்கும் மேலே கண்ணாடி போல ஒரு பூச்சுப் பூசி அனுப்புகிறது. அந்தப் பூச்சுக் கெடாமல் இருந்தால் உப்புத் தண்ணீர் உள்ளே போகாது.

பூச்சுக் கெடுவது எப்படி? சாலை ஓரக் கல்லில் சக்கரம் உரசுகிறது. பஞ்சர் கடையில் இரும்புக் கம்பியை விட்டு டயரைக் கழற்றும்போது விளிம்பு கீறுகிறது. சக்கரத்தைச் சமன் செய்ய விளிம்பில் இரும்புத் துண்டை அடித்து மாட்டுகிறார்கள். இரும்பும் அலுமினியமும் ஒட்டி, நடுவில் உப்பு ஈரமும் சேர்ந்தால், அலுமினியம்தான் முதலில் தேயும்.

திருச்செந்தூருக்கும் ராமேசுவரத்துக்கும் போய் வந்த காரில் கடல் உப்பு ஒட்டியிருக்கும். பல ஊர்களில் ஆழ்குழாய்த் தண்ணீரும் உப்புத்தான். அந்தத் தண்ணீரை ஊற்றிக் கழுவி வெயிலில் காயவிட்டால் உப்பு அப்படியே படிந்துவிடும். கீறல் வழியாக அது உள்ளே இறங்கும். மேலே பூச்சு நன்றாக இருப்பது போல் தெரியும். அடியில் புழு போல் அரித்துக்கொண்டே போகும்.

இன்னொரு கொடுமையும் உண்டு. பளபளப்பு வரவேண்டும் என்று சிலர் ஆசிட் கலந்த மருந்தை ஊற்றித் தேய்க்கிறார்கள். வேறு சிலர் சலவைச் சோடாவைக் கரைத்து ஊற்றுகிறார்கள். பித்தளைக் குத்துவிளக்குக்குப் புளி நல்லது. அலுமினியச் சக்கரத்துக்கு அதுவே எமன்.

அப்படியானால் எலுமிச்சம்பழம்? அதன் மேல் பழி போட வேண்டாம். அது நசுங்குவது ரப்பர் டயருக்கு அடியில். சாறு சக்கரத்தில் தெறித்தாலும், சந்தனமும் குங்குமமும் ஒட்டியிருந்தாலும், வீட்டுக்கு வந்து நல்ல தண்ணீரால் கழுவிவிட்டால் போதும். பூஜையில் குற்றம் இல்லை. கழுவாமல் விடுவதில்தான் குற்றம்.

அழகு மட்டும் அல்ல, உயிர்

"அழகு போனால் போகிறது. வண்டி ஓடுகிறதே!" என்று சிலர் விட்டுவிடுவார்கள். அது ஆபத்து.

டயர் வந்து உட்காரும் உள் விளிம்பிலும் இந்த அரிப்பு வரும். அங்கே மேடும் பள்ளமும் ஆகிவிட்டால், டயர் சரியாகப் பொருந்தாது. காற்று மெல்ல மெல்லக் கசியும். பஞ்சர் என்று தேடினால் ஆணி அகப்படாது. காற்றுக் குறைந்த டயர் வேகமாக ஓடும்போது நெளிந்து சூடாகும். சூடு மிஞ்சினால் வெடிக்கும்.

மதுரையில் இருந்து சாத்தூர் வழியாகக் கன்னியாகுமரி போகும் நாலுவழிச் சாலையில், சித்திரை வெயிலில், குடும்பத்தோடு போகும்போது டயர் வெடித்தால் என்ன ஆகும்? ஒரே சக்கரத்தில் அடிக்கடி காற்று இறங்கினால், டயரைக் கழற்றி விளிம்பைப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

கியாரண்டி யார் பக்கம்?

கார் வாங்கும்போது ஒரு புத்தகம் தருகிறார்கள். பெரும்பாலும் அது ஆங்கிலத்தில் இருக்கும். அதை யாரும் படிப்பது இல்லை. "உற்பத்தியில் ஏற்பட்ட குறைக்கு நாங்கள் பொறுப்பு. அடிபட்டதற்கும், ரசாயனம் பட்டதற்கும், உப்பு முதலிய சுற்றுப்புறக் காரணங்களுக்கும் பொறுப்பு அல்ல" என்ற கருத்தில் பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள்.

இதில் பாதி நியாயம். கல்லில் உரசியவரும் ஆசிட் ஊற்றியவரும் கம்பெனியைக் குற்றம் சொல்ல முடியாது.

மறுபாதி நியாயம் அல்ல. கீறலே இல்லை. அடியே படவில்லை. ஆசிட்டும் ஊற்றவில்லை. ஆனாலும் பூச்சுத் தானாகக் கொப்பளித்து எழும்புகிறது. நான்கு சக்கரத்திலும் ஒன்று போல் எழும்புகிறது. அப்போது தொழிற்சாலையில் பூசிய பூச்சையே சந்தேகிக்க வேண்டும். "சுற்றுப்புறக் காரணம்" என்று சொல்லித் தட்டிக்கழிப்பது எப்படிச் சரியாகும்?

உலோகப் பூச்சு உப்பைத் தாங்குமா என்று பார்க்க ஒரு சோதனை இருக்கிறது. மூடிய பெட்டியில் 35 டிகிரி சூட்டில், 5 சதவீத உப்புத் தண்ணீரைப் பனி போலத் தெளித்து, பல மணி நேரம் வைத்துப் பார்ப்பார்கள். 1939-ம் ஆண்டில் இருந்தே அமெரிக்காவில் இதற்கு விதிமுறை உண்டு. சக்கரம் செய்கிறவர்களுக்கு இது தெரியாதது அல்ல. உப்பு இந்தச் சக்கரத்துக்கு ஆகாது என்றால், அதைப் பணம் வாங்கும் முன்பு சொல்ல வேண்டும். பணம் வாங்கிய பிறகு பொடி எழுத்தைக் காட்டுவது வியாபார தர்மம் ஆகாது.

செய்ய வேண்டியது என்ன?

முதல் புள்ளி தெரிந்த அன்றே போட்டோ எடுக்க வேண்டும். நான்கு சக்கரத்தையும் தனித்தனியாக எடுக்க வேண்டும். அன்று கார் எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

பிறகு கியாரண்டி முடியும் முன்பே எழுத்து மூலமாகப் புகார் கொடுக்க வேண்டும். வாய்ச் சொல் காற்றோடு போகும். சர்வீஸ் சீட்டில் "சக்கரத்தில் அரிப்பு" என்று எழுதச் சொல்லி நகல் வாங்க வேண்டும். "வராது" என்று சொன்னால், ஏன் வராது என்பதை எழுதித் தரச் சொல்ல வேண்டும்.

மிக முக்கியமானது ஒன்று. அதற்குள் வெளிக் கடையில் கொடுத்துச் சக்கரத்தைத் தேய்த்துப் பெயிண்ட் அடித்துவிடக் கூடாது. புண் மறைந்தால் சாட்சியும் மறைந்துவிடும்.

அப்படியும் நியாயம் கிடைக்கவில்லையா? தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதில் புகார் சொல்லலாம். அதற்கும் மேலே நுகர்வோர் கோர்ட்டு இருக்கிறது. விருதுநகர் மாவட்டத்துக்கு அது ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறது. 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும், வாங்கியவர் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். வக்கீல் வைத்துத்தான் ஆகவேண்டும் என்பது இல்லை. கொடுத்த விலை ரூ.5 லட்சம் வரை என்றால் கட்டணமே கிடையாது. ரூ.10 லட்சம் வரை என்றால் கட்டணம் ரூ.200. பிழைப்புக்காகச் சொந்தமாக டாக்சி ஓட்டுகிறவருக்கும் இந்த உரிமை உண்டு. பொருளைச் சோதனைச் சாலைக்கு அனுப்பிப் பார்க்கவும் அந்தக் கோர்ட்டுக்கு அதிகாரம் இருக்கிறது. ஆனால் வழக்குக்குக் காரணம் ஏற்பட்ட நாளில் இருந்து 2 வருடத்துக்குள் போட வேண்டும்.

கேட்பதிலும் அளவு வேண்டும். சக்கரம் கெட்டதற்குப் புதுக் காரே வேண்டும் என்று கேட்டால் எடுபடாது. மாருதி உத்யோக் கம்பெனி சம்பந்தப்பட்ட ஒரு வழக்கில் 2006-ம் ஆண்டு சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது. கெட்ட பாகத்தைப் பழுது பார்ப்பது, அல்லது அதை மாற்றித் தருவது, இவ்வளவுதான் கியாரண்டியில் சொன்ன பொறுப்பு, முழுக் காரையும் மாற்றித் தரும் பொறுப்பு இல்லை என்பது அந்தத் தீர்ப்பு. சக்கரம் கெட்டால் சக்கரத்தைக் கேட்க வேண்டும். அது நிற்கும்.

தமிழில் ஒரு தாள்

வாங்குகிறவர் கடமை சின்னது. வாரம் ஒரு முறை நல்ல தண்ணீரும் சாதாரண சோப்பும் விட்டுச் சக்கரத்தைக் கழுவித் துடைக்க வேண்டும். கடற்கரைக்குப் போய் வந்தால் மறுநாளே கழுவ வேண்டும். சமன் செய்யும்போது ஒட்டுகிற துண்டைக் கேட்டு வாங்க வேண்டும். ஆசிட் பக்கமே போகக் கூடாது. ரசீதைப் பத்திரமாக வைக்க வேண்டும். ரசீது தராமல் இருப்பதே முறையற்ற வியாபாரம் என்று சட்டம் சொல்கிறது.

விற்கிறவர் கடமையும் பெரிது அல்ல. ஒரே ஒரு தாள் போதும். சக்கரத்தின் பூச்சுக்கு எத்தனை வருடம் பொறுப்பு, எதற்குப் பொறுப்பு, எதற்குப் பொறுப்பு இல்லை, எதை ஊற்றிக் கழுவக் கூடாது என்ற நாலு விஷயத்தையும் நல்ல தமிழில், பெரிய எழுத்தில் அச்சடித்து, கார் சாவியோடு சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

கார் விளம்பரத்தை ஊர் ஊராகத் தமிழில் செய்ய முடிகிற கம்பெனிகளுக்கு, கியாரண்டியைத் தமிழில் சொல்வது கஷ்டமா என்ன?