கையெழுத்தோடு நின்றுபோகும் வகுப்பு நமக்குப் போதாது



கல்முனையில் இருந்து அக்கரைப்பற்று வரை கரையோரமாகவும், உள்ளே சம்மாந்துறை, இறக்காமம் வரையும் நம் அங்கத்தவர்களின் வீடுகளுக்குப் போனால் சுவரில் ஒரு சான்றிதழாவது கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குவதைக் காணலாம். தையல் பயிற்சி, கேக் ஐசிங், கைப்பணி, எழுத்தறிவு வகுப்பு. வளர்ந்தோருக்கான வகுப்பை முடித்தவர்களுக்குக் கொடுத்தது. கொடுத்த அன்று மேடை இருந்தது, மாலை இருந்தது, பிரமுகர்களின் பேச்சு இருந்தது. வகுப்பு நடந்த நேரத்தை விடப் பேச்சு நீண்டதோ என்று கேட்பவர்களும் உண்டு.

நாங்கள் கேட்பது வேறு. அந்தத் தாளை எடுத்துக்கொண்டு எந்தக் கதவைத் தட்டலாம்? தொழில்நுட்பக் கல்லூரியில் காட்டினால், "சாதாரண தரம் இருக்கா?" என்கிறார்கள். வேலைக்கு விண்ணப்பித்தால், தாய்மொழியும் கணிதமும் உட்பட ஆறு பாடம் சித்தியா என்கிறார்கள். வெளிநாட்டு முகவரிடம் போனால் என்.வி.கியூ. எத்தனையாம் மட்டம் என்கிறார்கள். மூன்று இடத்திலும் நம் ஆளின் கையில் இருக்கும் தாளை யாரும் திருப்பிக்கூடப் பார்ப்பதில்லை. ஆறு மாதம், பகல் முழுக்கக் கரும்பு வெட்டிவிட்டு, தேங்காய் உரித்துவிட்டு, பின்னேரம் குளித்துக் கொப்பியோடு போய்ப் படித்த மனிசனுக்கு இது அநியாயம்.

வகுப்பெடுக்கும் ஆசிரியைகளில் எங்களுக்குக் குறையில்லை. சொற்பக் கொடுப்பனவுக்கு, சில இடங்களில் பாய் விரித்து, அவர்கள் செய்யும் வேலை பெரிது. பிழை வகுப்பின் அமைப்பில் இருக்கிறது. வளர்ந்தோர் என்ன படிக்க வேண்டும் என்பதை ஒரு அலுவலகம் எழுதுகிறது. கல்லூரியில் சேர என்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதை இன்னொன்று எழுதுகிறது. வேலைத்தளம் என்ன கேட்கிறது என்பது மூன்றாவது இடத்தில் கிடக்கிறது. இம்மூன்றும் ஒன்றோடொன்று கதைத்ததாகத் தெரியவில்லை. கதைக்காததன் விலையை நாம் கட்டுகிறோம்.

நம்மவர்கள் ஏன் படிக்காமல் போனார்கள் என்று சிலர் முகம் சுளிப்பதால் அதையும் சொல்லி வைப்போம். 5 வயதில் இருந்து 14 வயது வரை கட்டாயக் கல்வி என்ற விதி இந்த நாட்டில் நடைமுறைக்கு வந்தது 1998இல். அது 16 வயதாக உயர்ந்தது 2016இல். இன்று நாற்பதைத் தாண்டிய தொழிலாளி பள்ளிக்கூடத்தை விட்டுக் கரும்புக்கு வந்தபோது அவரைத் தேடி எந்த உத்தியோகத்தரும் வீட்டுக்கு வரவில்லை. 1990ஆம் ஆண்டைப் பற்றி இந்தக் கரைக்கு நாங்கள் விளக்கத் தேவையில்லை. 2004 டிசம்பர் 26இல் மருதமுனையிலும் கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் கடல் ஏறியபோது வீட்டோடு சேர்ந்து பிறப்புச் சாட்சிப் பத்திரமும் பள்ளி விடுகைப் பத்திரமும் போயின. படிப்பு இடையில் நின்றதற்குச் சோம்பலைக் காரணம் காட்டுபவர் இந்த ஊரை அறியாதவர்.

இனி சட்டத்தில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். அதை அறியாமல் கோரிக்கை வைக்க முடியாது.

இலங்கையில் தேசிய தொழில்சார் தகைமை, நாம் என்.வி.கியூ. என்று சொல்வது, ஏழு மட்டங்களாக உள்ளது. ஒன்றில் இருந்து நான்கு வரை சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு பட்டம். நான்காம் மட்டம் என்றால் மேற்பார்வை பெரிதாக இல்லாமல் தன் தொழிலைத் தானே செய்யத் தெரிந்தவர் என்று பொருள். உழவு இயந்திரம் ஓட்டும், பம்ப் திருத்தும், வெல்டிங் அடிக்கும் நம் காக்காமார் எத்தனை பேர் அந்த இடத்தில் நிற்கிறார்கள் என்பது உங்களுக்கே தெரியும். இன்னொரு சட்டகமும் உண்டு. பன்னிரண்டு மட்டங்கள் கொண்ட இலங்கைத் தகைமைச் சட்டகம். அதில் உயர்தரம் இரண்டாம் மட்டம். என்.வி.கியூ. நான்கையும் அதே இரண்டாம் மட்டத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள். கடதாசியில், நான்காம் மட்டம் பெற்ற ஒரு மெக்கானிக்கும் உயர்தரம் சித்தியடைந்த பிள்ளையும் ஒரே படியில் நிற்கிறார்கள். கடதாசியில்தான்.

பயிற்சி நிலையத்துக்குப் போகாமலே, வேலையில் கற்றதைக் காட்டி என்.வி.கியூ. பெறும் வழியும் இருக்கிறது. முன்கற்றலை அங்கீகரித்தல் என்பார்கள். விண்ணப்பிக்க வேண்டும், செய்த வேலைக்கு ஆதாரம் கொடுக்க வேண்டும், மதிப்பீட்டாளர் முன்னால் செய்து காட்ட வேண்டும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் நம் ஆள் எங்கே விழுகிறார் என்று பாருங்கள். முதலாவது, ஆதாரம். பத்து வருசம் வேலை செய்தவரிடம் சேவைக் கடிதம் இல்லை. ஏனென்றால் அவரைக் கூட்டிவந்தது ஒரு ஏஜென்ட். சம்பளப் பட்டியலில் பெயர் இல்லை. பெயர் இல்லாததால் சேமலாப நிதி இல்லை. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம் முதலாளி 12 வீதம், தொழிலாளி 8 வீதம் கட்ட வேண்டும் என்கிறது. அந்தப் பணம் முதுமைக்கு மட்டும் உரியதல்ல. இந்த மனிதர் இன்ன இடத்தில் இத்தனை வருசம் வேலை செய்தார் என்பதற்கு அதுவே சாட்சி. அதைக் கட்டாமல் விட்ட முதலாளி தொழிலாளியின் பணத்தோடு அவருடைய தகைமையையும் சேர்த்தே எடுத்துக்கொண்டார். இரண்டாவது, வாசிப்பு. விண்ணப்பப் படிவம், பாதுகாப்பு விதிகள், அளவுகள். கையால் செய்வதில் வல்லவர் கடதாசிக்கு முன்னால் வந்ததும் வாய் அடைத்து நிற்கிறார். வளர்ந்தோர் வகுப்பு அவரைத் தூக்கிவிட வேண்டிய இடம் இது. அங்கே வகுப்பு அவருக்குப் பெயர் எழுதக் கற்றுக்கொடுத்துவிட்டு மாலை போட்டு அனுப்பிவிடுகிறது.

கணக்கை எடுங்கள். ஹிங்குரானைப் பக்கம் கரும்பு வெட்டுபவருக்குக் கூலி தொன் கணக்கில். லொறி நிறுத்த துண்டில் மொத்த நிறை, வெறும் லொறியின் நிறை, கழிவு, மிச்சம் என்று இலக்கங்கள் வரும். கழிவு நூற்றுக்கு எவ்வளவு, அது கூலியில் எவ்வளவு வெட்டியது, முற்பணம் கழித்த பிறகு கைக்கு வர வேண்டியது எவ்வளவு? இதைச் செய்யத் தெரிந்தவருக்குச் சாதாரண தரக் கணிதத்தில் நூற்றுவீதமும் விகிதமும் பாதி தெரிந்துவிட்டது. நம் வகுப்புகளில் இந்தத் துண்டு பாடமாக வந்ததுண்டா? மாம்பழத்தையும் வாழைப்பழத்தையும் கூட்டிக் கழிக்க வைக்கிறார்கள், ஐம்பது வயது மனிசனை! நுண்கடன் ஒப்பந்தத்தை வாசிப்பது நல்ல தமிழ்ப் பாடம். மருந்துப் போத்தலில் எத்தனை லீற்றருக்கு எத்தனை மில்லிலீற்றர் என்பது நல்ல விஞ்ஞானப் பாடம். வயலில் போடியாரின் கணக்கைப் பார்க்கும் முல்லைக்காரர் ஒரு காலத்தில் இதையெல்லாம் மனக்கணக்காகவே போட்டார். அறிவு நம்மிடம் இல்லாமல் இல்லை. அதைப் பரீட்சை கேட்கும் வடிவத்தில் எழுத யாரும் நமக்குச் சொல்லித் தரவில்லை.

"கரும்பு வெட்டுறவனுக்குக் கல்லூரி எதுக்கு?" என்று கேட்பவர்களுக்கு நீண்ட பதில் தேவையில்லை. அவர்களுடைய பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள் என்று கேட்டால் போதும்.

ஆனால் நல்ல மனதோடு தயங்குகிற சிலரும் இருக்கிறார்கள். வகுப்பின் தரத்தைக் கல்லூரிக்கும் தொழிலுக்கும் ஏற்றபடி உயர்த்தினால் இப்போது வருகிற நாலு பேரும் பயந்து நின்றுவிடுவார்கள் என்கிறார்கள். இந்தப் பயத்தை நாங்கள் தட்டிவிடவில்லை. அமெரிக்காவில் 2013இல் வளர்ந்தோர் கல்விக்கென்றே கல்லூரிக்கும் தொழிலுக்கும் தயார்ப்படுத்தும் தரங்களை அந்நாட்டுக் கல்வித் திணைக்களம் வெளியிட்டது. அடுத்த வருசம், 2014இல், அங்கு பள்ளிப்படிப்பை முடிக்காதவர்கள் எழுதும் ஜி.ஈ.டி. பரீட்சை கடினமாக்கப்பட்டது, கணினிக்கு மாற்றப்பட்டது, பல மாநிலங்களில் கட்டணமும் ஏறியது. எழுதுவோர் தொகை சட்டென்று விழுந்தது. 2016இல் சித்திப் புள்ளியை 150இல் இருந்து 145க்கு இறக்க வேண்டி வந்தது. ஏணியின் மேல்படியை உயர்த்திவிட்டு நடுப்படிகளைப் போடாமல் விட்டால் இதுதான் நடக்கும்.

நடுப்படி போட்ட இடம் தூரத்தில் இல்லை. கேரளத்தில் எழுத்தறிவுத் திட்டத்தோடு வேலை முடிந்தது என்று விடவில்லை. நாலாம் வகுப்புக்குச் சமம், ஏழாம் வகுப்புக்குச் சமம், பத்தாம் வகுப்புக்குச் சமம், அதற்கு மேல் பிளஸ் டூவுக்குச் சமம் என்று வளர்ந்தோருக்கே தனிப் படிகள் வைத்தார்கள். பத்தாம் வகுப்புச் சமநிலைச் சான்றிதழோடு மேலே படிக்கலாம், அரசாங்க வேலைக்கும் விண்ணப்பிக்கலாம். 2018இல் ஆலப்புழை மாவட்டத்துக் கார்த்தியாயினி அம்மா 96 வயதில் எழுத்தறிவுப் பரீட்சை எழுதி நூற்றுக்கு 98 எடுத்தார். அது பத்திரிகையில் வந்தது, எல்லோரும் கைதட்டினார்கள். நமக்கு முக்கியமாகப் படுவது புள்ளி அல்ல. அந்தப் பரீட்சையை முடித்தவருக்கு அடுத்த வகுப்பு எது என்பது அங்கே எழுதிவைக்கப்பட்டிருந்தது. நம் உம்மாமார் வகுப்பை முடித்த மறுநாள் என்ன செய்வது என்று இங்கே யாராவது சொல்ல முடியுமா?

அவசரம் எதற்கு என்றால், இயந்திரம் வருகிறது. பிரேசிலின் சாவோ பாவுலோ மாநிலத்தில் கரும்புத் தோட்டத்தை எரித்து வெட்டுவதைப் படிப்படியாக நிறுத்தும் சட்டம் 2002இல் வந்தது. எரிக்காத கரும்பைக் கையால் வெட்டுவது சிரமம். எனவே வெட்டும் இயந்திரங்கள் வயலுக்குள் இறங்கின. ஒரு இயந்திரம் பல பத்துப் பேரின் வேலையைச் செய்தது. சாரதி, மெக்கானிக் ஆவதற்குப் பயிற்சி கொடுக்கிறோம் என்று பிறகு திட்டங்கள் வந்தன. அந்தப் பயிற்சியில் இருக்கத் தேவையான பள்ளிப்படிப்பு வெட்டியவர்களில் பலருக்கு இருக்கவில்லை. எரிப்பது நின்றது நல்லது, புகையைத் தின்றவர்கள் தொழிலாளிகள்தான். ஆனால் கத்தியைக் கீழே வைத்தவரின் கையில் வேறொன்றைக் கொடுக்க யாரும் முன்கூட்டி ஆயத்தம் செய்யவில்லை. இங்கே அந்த நாள் வரும்போது சாவி யார் கையில் இருக்கும் என்பதை இன்றைய வகுப்புகள்தான் தீர்மானிக்கப் போகின்றன.

பெண்களின் கதை தனி. வகுப்பு நேரம் யார் வசதிக்கு வைக்கிறார்கள்? காலை பத்து மணிக்கு வைத்தால் வேலைக்குப் போகிறவர் வர முடியாது. மஃரிபுக்குப் பிறகு வைத்தால் பிள்ளைகளை யாரிடம் விடுவது என்ற கேள்வி. ராத்தாமார் படிக்கக் கேட்டால் தையல் மெசினைக் காட்டுவது பழகிப்போன பதிலாகிவிட்டது. தைக்க விரும்புகிறவர் தைக்கட்டும். ஆனால் தையலையும் என்.வி.கியூ. மூன்றுக்கும் நான்குக்கும் எடுத்துச் செல்லும் பாடமாக நடத்தாமல் கண்காட்சிக்குப் பூப்போட்ட உறை தைப்பதோடு நிறுத்துவது ஏன்? வளைகுடாவுக்கு வீட்டு வேலைக்குப் போகும் சகோதரிக்கும் பயிற்சிச் சான்றிதழ் கேட்கிறார்கள். போகுமுன் ஓடித்திரிந்து எடுப்பதை விட, ஊரில் இருக்கும்போதே, போகாமலே பிழைக்கும் வழியோடு சேர்த்து எடுக்கலாம்.

மொழியையும் மறைக்க வேண்டியதில்லை. கீழ்ப்படிகளைத் தமிழில் ஏறினாலும் டிப்ளோமாவுக்கும் பட்டத்துக்கும் போகப் போக ஆங்கிலம் வழியை மறிக்கிறது. அலுவலகத்தில் சிங்களம். வளர்ந்தோர் வகுப்பில் இரண்டுக்கும் இடமில்லை அல்லது பெயருக்கு ஒரு மணித்தியாலம். மலையகத்துத் தோழர்களும் இதையே சொல்கிறார்கள். அவர்களுடைய தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் கையேற்கத் தொடங்கியது எழுபதுகளில்தான். நமக்கும் அவர்களுக்கும் நடுவில் மலை இருக்கிறது, பிரச்சினை ஒன்று.

இந்தக் கரையில் படிப்பதற்கு இடம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஒலுவிலில் 1995இல் கல்லூரியாகத் தொடங்கி 1996இல் பல்கலைக்கழகமான தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அதன் பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறையில். சம்மாந்துறையிலேயே உயர் தொழில்நுட்பவியல் நிறுவனம், அம்பாறையில் ஹார்டி. 1980இல் தொடங்கிய திறந்த பல்கலைக்கழகம் உயர்தரம் இல்லாதவரையும் அடிப்படைப் பாடநெறி வழியாக உள்ளே எடுக்கிறது, அதன் பிராந்திய நிலையம் மட்டக்களப்பில். இந்தக் கட்டடங்களின் மதிலோரமாகத்தான் நாம் தினமும் வேலைக்குப் போய் வருகிறோம். வளர்ந்தோர் வகுப்பில் இருந்து அந்த வாசலுக்கு ஒரு பாதை வெட்டித் தாருங்கள் என்பதே நம் கோரிக்கை.

எனவே வலயக் கல்வி அலுவலகங்களுக்கும் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவுக்கும் தோட்ட நிர்வாகங்களுக்கும் சொல்கிறோம். வளர்ந்தோர் வகுப்பு ஒவ்வொன்றும் எந்தப் பரீட்சைக்கு, எந்த மட்டத்துக்குக் கொண்டுபோகிறது என்பதைத் தொடங்கும் நாளிலேயே எழுதி ஒட்டுங்கள். சாதாரண தரத்தைத் தனிப்பட்ட பரீட்சார்த்தியாக எழுத விரும்பும் தொழிலாளிக்குத் தமிழும் கணிதமும் முதலில் முடிக்கும் வகுப்பு வேண்டும், கட்டணத்தை நிர்வாகம் ஏற்க வேண்டும். முன்கற்றல் மதிப்பீட்டாளர் தொழிலாளி இருக்கும் இடத்துக்கு வர வேண்டும். மதிப்பீட்டு நாளுக்குச் சம்பளம் வெட்டக் கூடாது. ஏஜென்ட் மூலம் வந்தவருக்கும் சேவைக் கடிதம் கொடுக்க வேண்டும். வெட்டுக் காலத்தில் வகுப்பை நிறுத்தி, ஓய்வு மாதங்களில் இரட்டிப்பாக நடத்துங்கள். கரும்புக்கு ஒரு காலம் உண்டு என்பது கல்வி அலுவலகத்துக்குத் தெரியாமல் இருக்க முடியாது.

நம் பங்கும் இருக்கிறது. அடுத்த கிளைக் கூட்டத்துக்கு வரும்போது உங்களிடம் உள்ள எல்லாக் கடதாசியையும் கொண்டு வாருங்கள். பழைய சம்பளத் துண்டு, நிறைத் துண்டு, சேமலாப நிதி இலக்கம், சுவரில் தொங்கும் அந்தச் சான்றிதழ். ஒவ்வொருவருக்கும் ஒரு கோவை திறப்போம். யாருக்குச் சேவைக் கடிதம் இல்லை என்ற பெயர்ப் பட்டியல் முதலில் நிர்வாகத்துக்குப் போகும், பதில் வராவிட்டால் தொழில் திணைக்களத்துக்குப் போகும்.